பத்து விரல் நெட்டி

சாத்தூர் தண்ணித்தொட்டித் தெருவில் ஒரு வருஷம் முழுக்க யாருமே அழவில்லை. சாவு விழுந்தது, நிச்சயம் செய்த கல்யாணம் நின்றது, பிள்ளைகள் பரீட்சையில் தோற்றார்கள், வெளிநாடு போன மாப்பிள்ளை போனை எடுக்காமல் விட்டான், எல்லாம் வழக்கம்போலத்தான் நடந்தது. ஆனால் அழ வேண்டியவர்கள் முகத்தைக் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டு வாசலில் நின்று சிரித்துப் பேசினார்கள். அவர்கள் அழ வேண்டிய அழுகை முழுவதையும் தெருவின் கடைசி வீட்டில், சாயம் போன பச்சைக் கதவுக்குப் பின்னால், சண்முகவடிவு ஒருத்தியே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது எழுபத்து மூன்று வயது. காலையில் சாப்பிட்டது பத்து மணிக்கு ஞாபகம் இருக்காது. அவள் மூக்கைச் சிந்தித் துடைத்துவிட்டது மகள் குருவம்மா. தெரு அதை அதிசயம் என்று சொன்னது. குருவம்மா வேறொரு வார்த்தை சொன்னாள், அதை இங்கே எழுத முடியாது.

வடிவு என்றால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது. எந்த வீட்டில் யார் படுக்கையில் விழுந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். கை கால் இழுத்துக்கொண்டவர்களைப் புரட்டிப் போடுவாள், படுக்கைப்புண்ணைக் கழுவிப் பவுடர் தூவுவாள், பல் இல்லாத வாயில் கஞ்சியைச் சொட்டுச் சொட்டாக விடுவாள், சொந்தப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நிற்கிற வீட்டுக்குள் வெற்றிலை போட்ட வாயோடு சிரித்துக்கொண்டு நுழைவாள். வேலை முடிந்து கிளம்பும்போது அந்த நோயாளியின் இரண்டு கன்னத்தையும் உள்ளங்கையால் வழித்து, விரல்களை மடக்கித் தன் நெற்றிப்பொட்டின் இரு பக்கமும் வைத்து நெட்டி முறிப்பாள். எல்லாத் தாய்மாரும் பிள்ளைக்குத் திருஷ்டி வழிக்கிற அதே வழிப்புத்தான். ஆனால் வடிவு செய்தால் பத்து விரலும் ஒரு விரல் விடாமல் படபடவென்று முறியும். “எம்புட்டுக் கண்ணு பட்டிருக்கு பாரு” என்பாள். சாகக் கிடக்கிறவர் மேல் எவன் கண்ணு வைக்கப்போகிறான் என்று யாரும் கேட்டதில்லை.

புருஷன் செத்தபோது மகனுக்குப் பத்து மாசம், மகளுக்குப் பன்னிரண்டு வயசு. ஊரார் வீட்டுப் படுக்கைகளைப் பார்க்க வடிவு போக வேண்டும், தம்பி சீனிராஜை யார் பார்ப்பது என்று ஒரு கேள்வி வந்தது, அந்தக் கேள்விக்குப் பதிலாக ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த குருவம்மா வீட்டில் நின்றுவிட்டாள். பிறகு தம்பி படித்தான், திருப்பூரில் பெரிய பனியன் கம்பெனியில் மேலாளர் ஆனான். குருவம்மா கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து ஆறே மாதத்தில் திரும்பி வந்து, டெய்லர் காசிலிங்கம் தருகிற நைட்டிகளுக்குப் பட்டன் தைத்துக்கொண்டு அம்மாவோடேயே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் வடிவு மகளுக்கு எண்ணெய் தேய்ப்பாள். தேய்க்கும்போது, “உன் படிப்பை நான்தான் கெடுத்தேன் குருவு” என்பாள். “விடும்மா” என்பாள் குருவம்மா. முப்பது வருஷம் எண்ணெயும் அந்த வார்த்தையும் சேர்ந்துதான் அவள் தலையில் இறங்கின. வாய் விடும்மா என்று சொல்லுமே தவிர, அந்த ஒரு வார்த்தையைத் தின்றுதான் அவள் உயிரோடு இருந்தாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

அம்மாவுக்கு மறதி வந்தது குருவம்மாவுக்கு ரொம்ப நாள் தெரியவில்லை. அதற்கும் அவளைக் குறை சொன்னார்கள். ஆனால் நம் ஊரில் பெற்ற மகளை வாம்மா, சாப்பிடும்மா என்று கூப்பிடாத தாய் யார்? வடிவு “அம்மா, பசிக்குது” என்றாள், குருவம்மா சோறு போட்டாள். “அம்மா, கால் வலிக்குது” என்றாள், தைலம் தேய்த்தாள். ஒன்றரை வருஷம் அப்படிப் போனது. ஒரு நாள் காலையில் வடிவு கையில் சீப்போடு வந்து முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்து, “அம்மா, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு, சீக்கிரம் சடை போட்டு விடு, வாத்தியார் அடிப்பாரு” என்றபோதுதான், ஒன்றரை வருஷமாகத் தன்னை அம்மா அம்மா என்று கூப்பிட்டதெல்லாம் உண்மையாகவே அம்மா என்றுதான் என்று குருவம்மாவுக்கு உறைத்தது. சீப்பை வாங்கி, இருந்த நாலு முடிக்குச் சடை போட்டுவிட்டாள். பிறகு பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அந்தத் தெருவில் சொந்த அழுகையைச் சொந்தமாக அழுது முடித்த கடைசி ஆள் அவள்தான்.

அடுத்த வாரமே எதிர்வீட்டுப் பொன்னுத்தாய் வந்தாள். இருபது வருஷத்துக்கு முன்னால் எட்டு வயசு மகனைக் கிணற்றுக்குக் கொடுத்தவள் அவள். வருஷாவருஷம் அந்தத் தேதியில் வடிவு மடியில் வந்து விழுந்து அழுவாள், அன்றைக்கும் விழுந்தாள். வடிவுக்கு அவள் யாரென்று தெரியவில்லை. கைக்குத் தெரிந்தது. அழுகிற முகத்தை வழித்தாள், நெற்றிப்பொட்டில் வைத்து முறித்தாள். பத்தும் முறிந்தன. பொன்னுத்தாய் எழுந்தாள், மூக்கை உறிஞ்சினாள், “யக்கா, உங்க வீட்டுல கடலைமாவு இருக்கா? பஜ்ஜி திங்கணும் போல இருக்கு” என்றாள்.

மறுநாள் காலையில் வடிவு தண்ணீர் டிரம்முக்குள் தலையை விட்டு, “ஏ ராசா, மேல வாடா, அம்மா அடிக்க மாட்டேன்டா” என்று கதறிக்கொண்டிருந்தாள். குருவம்மா இடுப்பைப் பிடித்து இழுத்தாள். எதிர்வீட்டு வாசலில் பொன்னுத்தாய் கோலம் போட்டபடி, “யாரைக் கூப்பிடுதாக சித்தி?” என்றாள்.

“உன் மகனைத்தான் கூப்பிடுதா.”

“ஆமா, எனக்கு ஒரு பையன் இருந்தான், கிணத்துல விழுந்துட்டான்” என்றாள் பொன்னுத்தாய், போன ஐப்பசியில் நல்ல மழை என்று சொல்கிற மாதிரி, கோலத்தில் புள்ளி தப்பாமல்.

இதைத் தெரு எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்றால் எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படித்தான் எடுத்துக்கொண்டது. குடத்தோடு ஓடி வந்தது. பெண்டாட்டி ஓடிப்போன காசிலிங்கம் வந்தான், கன்னத்தைக் காட்டினான், விசிலடித்துக்கொண்டு போய்த் தையல் மிஷினில் உட்கார்ந்தான். அன்று மதியம் வடிவு தட்டை வீசி எறிந்து, “அவளுக்கு நான் என்ன குறை வச்சேன்” என்று சுவரில் முட்டினாள். தங்கச்சியின் சொத்தை ஏமாற்றி எழுதி வாங்கினவர் வந்தார், மாமியாரைப் பட்டினி போட்டவள் வந்தாள், காதலித்தவளைக் கைவிட்டவன் அவன் பெண்டாட்டியோடேயே வந்தான். மூன்றாம் மாசம் கோவில்பட்டியிலிருந்து வேன் வைத்து வந்தார்கள். காசிலிங்கம் துணிக்குக் குறி போடுகிற சாக்குக்கட்டியால் வந்தவர்கள் கையில் நம்பர் எழுதினான். கதவுக் கம்பியில் மஞ்சள் கயிறு கட்டினார்கள். தெருமுனை டீக்கடை தானாகவே நகர்ந்து வாசலுக்கு வந்தது. யாரோ வடிவம்மன் துணை என்று பேனர் அடித்து, அதில் வடிவுக்கு மூக்குத்தியும் போட்டுவிட்டார்கள். தெரு முழுக்க லேசாகிவிட்டது. மகளை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிற வீட்டில் ஒருத்தரும் கண் கலங்கவில்லை என்று மேளக்காரர்கள் வெட்கப்பட்டார்கள். மேலவீட்டுக் கிழவர் செத்தபோது ஒப்பாரிக்கு ஆளில்லாமல், பாடையைச் சுற்றி உட்கார்ந்து ரேஷன் சர்க்கரை கட்டியாக இருப்பதைப் பற்றிப் பேசினார்கள். ஒப்பாரியை வடிவு வைத்தாள், கடைசி வீட்டிலிருந்து, தொண்டை கிழிய.

“ஏய்யா, கொஞ்சமாவது மனசாட்சி இருக்கா? ஒரு கிழவி தலையில எத்தனை பேர்யா கொட்டுவீக?” என்று குருவம்மா வாசலில் நின்று கத்தினாள்.

“அதுல பாரு குருவு,” என்றான் காசிலிங்கம், ரொம்ப நியாயமாக, “நம்ம தலையில இருந்தா காலத்துக்கும் இருக்கும். சித்திக்குத்தான் ஒண்ணும் நிக்காதே. விடிஞ்சா மறந்துருவாக. ஆருக்கும் நட்டமில்ல.”

இதைத்தான் அத்தனை பேரும் சொன்னார்கள். படித்தவனும் சொன்னான், படிக்காதவனும் சொன்னான். அவர்களுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது, அது பக்கத்திலேயே கிடக்கிறவளுக்கு மட்டும்தான் தெரியும். வடிவு மறந்தது எல்லாம் தன்னுடையதை. அடுத்தவர் கொட்டினது ஒன்றுகூட வெளியே போகவில்லை. அது போகாதது மட்டுமில்லை, உட்கார இடம் வேண்டுமென்று ஏற்கெனவே இருந்ததைத் தள்ளிவிட்டது. கோவில்பட்டிக்காரி ஒருத்தியின் கருச்சிதைவு உள்ளே வந்த அன்று, வடிவின் புருஷன் வெளியே போனார். மாமியாரைப் பட்டினி போட்டவளின் குறுகுறுப்பு வந்த அன்று, வடிவு பிறந்த ஊர் போனது. வாழைப்பழம் கொண்டுவந்தார்கள், சாத்துக்குடி கொண்டுவந்தார்கள், சத்துமாவு டப்பா கொண்டுவந்து அடுக்கினார்கள். அத்தனை கைகளில் ஒரு கைகூட ஒரு ஈரத்துணியை அலசிப் போட நீளவில்லை. சாமிக்குப் பூப் போடுவார்கள், சாமி படுக்கையை நனைத்தால் யார் மாற்றுவது என்று சாஸ்திரத்தில் இல்லை.

கதவைப் பூட்டிப் பார்த்தாள். ஜன்னல் வழியாகக் கன்னத்தை நீட்டினார்கள். வடிவும் சும்மா இருக்கவில்லை, அழுகைச் சத்தம் கேட்டால் போதும், பால் சுரக்கிற பசு மாதிரி ஜன்னலுக்கு ஓடினாள். அந்தப் பழக்கத்தை மட்டும் நோய் கடைசிவரை தொடவில்லை.

“நீயும் ஒரு தடவை கன்னத்தைக் காட்டேன் மதினி,” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. “எப்பப் பாத்தாலும் எள்ளும் கொள்ளும் வெடிச்சுக்கிட்டுக் கிடக்க. கோவம் போயிரும்.”

“கோவம் போயிட்டா விடியக்காலம் அஞ்சு மணிக்கு என்னை எது எழுப்பும்? நீயா வந்து பீத்துணி அலசுவ?” என்றாள் குருவம்மா.

அம்மாவின் கை அவள் முகத்துக்கு வரும்போதெல்லாம் தலையைக் குனிந்து தப்பித்துக்கொள்வாள். ஒன்றே ஒன்றைத்தான் அவள் காவல் காத்தாள். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் கிண்ணத்தை அம்மா கையில் கொடுத்து முன்னால் உட்காருவாள். பெயர் போயிருந்தது, மகள் என்பது போயிருந்தது. ஆனால் உள்ளங்கை உச்சியில் பட்டதும் வடிவு, “உன் படிப்பை நான்தான் கெடுத்தேன்” என்பாள். யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் சொன்னாலும் அது குருவம்மாவுக்குச் சொன்னதுதான். உலகத்தில் அவளிடம் மன்னிப்புக் கேட்ட ஒரே வாய் அது.

ஆடி மாசத்து ஞாயிறு ஒன்றில் அதுவும் போனது. முந்தின நாள் நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள், அதில் யாருடையது அதைத் தள்ளியது என்று தெரியவில்லை. எண்ணெய் உச்சியில் இறங்கியது, கை பரபரவென்று தேய்த்தது, வார்த்தை வரவில்லை. குருவம்மா காத்திருந்தாள். கழுத்து வலிக்கக் காத்திருந்தாள். கடைசியில் அவளே எடுத்துக் கொடுத்தாள்: “என் படிப்பை…”

“நீ எதுவரைக்கும் படிச்சிருக்க கண்ணு?” என்று கேட்டாள் வடிவு, ரொம்பப் பிரியமாக, வழியில் பார்த்த பிள்ளையைக் கேட்பதுபோல.

குருவம்மா எழுந்துபோய், அடுக்கியிருந்த சத்துமாவு டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தெருவில் எறிந்தாள். பதினேழு டப்பா. வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கி நின்று பார்த்துவிட்டு மறுபடி வரிசையில் சேர்ந்துகொண்டார்கள்.

அந்த வாரம் பொன்னுத்தாய் மட்டும் பின்வாசல் வழியாக வந்தாள். நம்பர் எழுதாத கை. பூனை மாதிரி நின்றாள்.

“யக்கா, என் மகன் மூஞ்சி வர மாட்டேங்குது. போட்டோவைப் பாத்தா அடுத்த வீட்டுப் பையனைப் பாக்கிற மாதிரி இருக்கு. அழுதாத்தான் அவன் வருவான்னு அப்பத் தெரியலக்கா. நான் குடுத்ததைத் திருப்பி வாங்கிக்கிட முடியுமா?”

“குடுக்க வழி தெரிஞ்சா உனக்கு மட்டுமா, இந்தத் தெருவுக்கே வீடு வீடா கொண்டுபோய்க் கொட்டிருவேன்டி” என்றாள் குருவம்மா. வழி தெரியவில்லை. பொன்னுத்தாய் போகாமல் அங்கேயே துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து கொண்டாள், தினமும் வந்து உட்கார்ந்தாள்.

அப்போதுதான் சீனிராஜ் வந்தான். நாலு வருஷத்துக்கு அப்புறம், திருப்பூரிலிருந்து, ஆப்பிள் பழமும் ஒரு கட்டுப் பனியனுமாக. குருவம்மா போன் போட்டபோதெல்லாம் மீட்டிங் என்று சொன்னவன், டாக்டருக்குக் காட்ட வா என்றபோது ஆடிட்டிங் என்று சொன்னவன், அம்மா கன்னத்தை வழித்துவிட்டால் எல்லாம் சரியாகிறதாமே என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு வந்தான். காசிலிங்கம் அவனைக் கையைப் பிடித்து முன்னால் கூட்டிவந்தான். “சொந்த மகனுக்கு எதுக்குய்யா நம்பரு? வழி விடுங்க.”

“டேய், வேண்டாம்டா,” என்றாள் குருவம்மா. “அவளைப் பாக்க வந்தியா, பாரு. பக்கத்துல உக்காரு. தலையை மட்டும் நீட்டாத.”

“அக்கா, தூக்கமே இல்லக்கா. நாலு வருஷமா நெஞ்சுல கல்லு மாதிரி இருக்கு. உனக்கு எங்க புரியப்போகுது” என்றான் அவன். மண்டியிட்டு முகத்தை நீட்டினான்.

வடிவுக்கு அவனைத் தெரியவில்லை. “யாரு பெத்த பிள்ளையோ, இப்படி வாடிப்போயிருக்கே” என்றாள். வழித்தாள். முறித்தாள். பத்து விரலும் முறிந்து, மடக்கி வைத்து மறுபடியும் பத்து முறிந்தன. அத்தனை இருந்தது அவனிடம்.

சீனிராஜ் எழுந்தான். முட்டியில் ஒட்டின தூசியைத் தட்டினான். டீ கேட்டான், முறுக்கு இருக்கிறதா என்றான், மகள் பரதநாட்டியத்தில் கப் வாங்கின கதையைச் சொன்னான். “அம்மா நல்லாத்தானக்கா இருக்காக. நீ போன்ல சொன்னதை வச்சு என்னமோ ஏதோன்னு நினைச்சேன். நீதான் கொஞ்சம் டென்ஷனாகுற.”

கட்டிலில் வடிவு நெஞ்சில் அறைந்துகொள்ள ஆரம்பித்தாள்.

“எங்கம்மா சாத்தூர்ல கிடக்கா. நாலு வருஷமா நான் எட்டிப் பாக்கலயே. பீ மூத்திரம் அள்ளுனது எங்கக்கா. போன் வந்தா மீட்டிங்னு சொல்லி வச்சுருவேன். வச்சுட்டு வேலை செஞ்சனா, இல்லையே, சும்மாதான உக்காந்திருந்தேன். எங்கம்மாவை நான் பாக்கலயே, பாவி நான், எங்கம்மாவை நான் பாக்கலயே…”

பார்க்கப்படாத தாய், பார்க்காத மகனுடைய குற்றத்தைச் சுமந்துகொண்டு, தன்னை நினைத்துத் தானே மன்னிப்புக் கேட்டு அழுதாள். சீனிராஜ் முறுக்கை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டு, “யாரைச் சொல்லுதாக?” என்று கேட்டான்.

குருவம்மா எழுந்தாள். என்ன செய்யப்போகிறோம் என்று தெரிந்து எழுந்தவள் இல்லை. ஐம்பது வயசு வரைக்கும் அவள் யாருக்கும் திருஷ்டி வழித்ததில்லை, பிள்ளை பெற்றால்தானே வழிக்க. போய் அம்மாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். கன்னம் சொதசொதவென்று நனைந்திருந்தது. நெற்றியிலிருந்து தாடைவரை வழித்தாள். கை தானாக மடங்கித் தன் நெற்றிப்பொட்டுக்குத்தான் போனது, தாய்மார் கை காலம் காலமாக அங்கேதான் போகும், தன் தலைக்குத்தான் போகும். பாதி வழியில் நிறுத்தினாள். ஏன் என் தலையில்? முப்பத்தெட்டு வருஷமாக எல்லாம் என் தலையில்தானே?

திரும்பினாள். மடக்கின விரல்களைக் கொண்டுபோய்த் தம்பியின் நெற்றிப்பொட்டில் இரண்டு பக்கமும் வைத்து அழுத்தினாள். காய்ந்த சுள்ளியைக் காலால் மிதித்தது மாதிரி முறிந்தன, பத்தும், மறுபடி பத்தும்.

முறுக்குத் தட்டு விழுந்தது. சீனிராஜ் அப்படியே தரையில் உட்கார்ந்தான். முதலில் வாய் திறந்தது, சத்தம் பிறகுதான் வந்தது. வாசலில் இருந்த வரிசை அதைக் கேட்டது. அந்தத் தெருவில் ஒரு ஆம்பளை தன் சொந்த அழுகையை அழுது ஒரு வருஷம் ஆகியிருந்தது. “ஏய், இவ திருப்பிக் குடுக்குதாடா!” என்றது ஒரு குரல். அவ்வளவுதான், கோவில்பட்டி வேன் கதவு அறைந்தது, காசிலிங்கம் சாக்குக்கட்டியைப் போட்டுவிட்டுத் தையல் கடை ஷட்டரை இழுத்தான். வாசல் நிறையச் செருப்புகள் மட்டும் கிடந்தன. பின்வாசலில் பொன்னுத்தாய் கல்லைவிட்டு எழுந்து நின்றாள்.

“யக்கா, அடுத்தது எனக்கு.”

“இரு. அவளை முதல்ல குளிப்பாட்டணும். இன்னிக்கு இன்னும் தண்ணி ஊத்தல.”

சீனிராஜ் அவள் காலைப் பிடித்தான். “அக்கா, தாங்க முடியலக்கா.”

“தாங்காத. யாரு தாங்கச் சொன்னா? அழு. அழுதுகிட்டே அந்த வாளியைத் தூக்கு.”

அவன் தூக்கினான். வெந்நீர் அலம்பி பேன்ட்டில் கொட்டியது. பின்வாசல் வெயிலில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு இரண்டு பேருமாக வடிவை உட்காரவைத்தார்கள். சேலையை அவிழ்த்தபோது அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். “பாரு,” என்றாள் குருவம்மா. இடுப்பில் புண் இருந்தது, முதுகெலும்பு எண்ணுகிற மாதிரி இருந்தது. அவன் பார்த்தான். கண்ணீர் இன்னும் அதிகமாக வழிந்தது.

அழுகிற முகத்தைக் கண்டதும் வடிவின் இரண்டு கைகளும் எழும்பின, அவன் கன்னத்தை நோக்கிப் போயின. குருவம்மா பாதியில் மறித்து, ஒரு கையில் சோப்பைத் திணித்தாள், இன்னொரு கையில் செம்பைக் கொடுத்தாள். வடிவு இரண்டையும் பத்திரமாகப் பிடித்துக்கொண்டாள்.

“யாரு இந்தப் பையன்? எதுக்கு இப்படி அழுகுறான்?”

“வேலைக்குப் புதுசு,” என்றாள் குருவம்மா. “இன்னும் கை பழகல. டேய், பாத்து ஊத்து, கண்ணுல விழுது.”